கர்த்தர்மேல் பாரத்தை வைப்பது எப்படி? கவலையில் இருக்கும் விசுவாசிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"பாரத்தைக் கர்த்தர்மேல வச்சிடுங்க, எல்லாம் சரியாயிடும்." இதைச் சொல்லாத விசுவாசியும் இல்லை, கேட்காத விசுவாசியும் இல்லை. சொல்வது வசனம்தான், சங்கீதம் 55:22. ஆனால் எப்படி வைப்பது என்று சொல்லித் தருகிறவர்கள் குறைவு. ஆராதனையில் கையை உயர்த்தி, கண்ணீர்விட்டு, "ஒப்புக்கொடுத்துட்டேன் ஆண்டவரே" என்று சொல்லிவிட்டு வருவோம். வாசலில் செருப்பைத் தேடும்போதே வட்டிக்காரர் ஞாபகம் வந்துவிடும்.

அந்த "எப்படி"க்காகத்தான் இந்தக் கட்டுரை. சி.எஸ்.ஐ., ஆர்.சி., பெந்தெகொஸ்தே என்று எந்தச் சபையில் இருந்தாலும் இதைச் செய்து பார்க்கலாம். வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பின்படி கொடுத்திருக்கிறேன். தேவையானவை ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு வேதாகமம், காலையிலோ மாலையிலோ அரை மணி நேரம்.

முதலில் குற்ற உணர்ச்சியை இறக்கி வையுங்கள்

கவலைப்படுகிறவர்களுக்கு நம் சபைகளில் இன்னொரு கவலையையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறோம்: "உனக்கு விசுவாசம் பத்தல." ஏற்கெனவே தூக்கமில்லாதவருக்கு இது எந்த வகையில் உதவும் என்று எனக்குப் புரியவில்லை.

"நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல், அதை எழுதும்போது காவலில் கட்டுண்டு இருந்தார். வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்ன புத்திமதி இல்லை அது. அதே பவுல்தான் கொரிந்தியருக்கு, "எல்லாச் சபைகளைக்குறித்தும் உண்டாயிருக்கிற கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது" என்று எழுதினார் (2 கொரிந்தியர் 11:28). கெத்செமனேயில் இயேசு "மிகவும் வியாகுலப்பட்டு" ஜெபித்தார் என்கிறது லூக்கா 22:44. ஆகவே கலக்கம் வந்ததாலேயே நீங்கள் தேவனைவிட்டு விலகிவிட்டதாக அர்த்தமில்லை. கலக்கத்தை எங்கே கொண்டுபோகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

படி 1: கவலையைப் பெயர் சொல்லி எழுதுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம், இதைத்தான் பெரும்பாலும் தாண்டிப்போகிறோம். மொத்தமாக, மேகமாக, "எல்லாத்தையும் பார்த்துக்கங்க ஆண்டவரே" என்று ஜெபிக்கிறோம். மேகமாக ஜெபித்தால் கவலையும் மேகமாகவே திரும்பி வரும்.

மதுரை செல்லூரில் தையல் மிஷின் போட்டிருக்கும் ஓர் அக்காவை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அவர் பாஸ்டரம்மாவிடம் வருகிறார்.

"எல்லாமே பயமா இருக்குங்கம்மா. ராத்திரி படுத்தா நெஞ்சு படபடன்னு அடிக்குது."

"எல்லாம்னா என்னத்தா? ஒண்ணொண்ணாச் சொல்லு, எழுதுவோம்."

எழுதியபோது வந்தவை இவை:

குழுக்கடன் தவணை செவ்வாய்க்கிழமை. கட்ட வேண்டியது 1,150 ரூபாய், கையில் இருப்பது 600.

அம்மாவுக்குக் கழுத்தில் கட்டி. பெரியாஸ்பத்திரியில் எடுத்த டெஸ்ட் ரிசல்ட் வியாழக்கிழமை.

பையனுக்கு பிளஸ் டூ ரிசல்ட் வரப்போகிறது. மார்க் குறைந்தால் காலேஜ் என்ன ஆகும்?

வீட்டு ஓனர் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ?

வீட்டுக்காரர் குடியை விட்டு ஆறு மாதம். மறுபடி ஆரம்பித்துவிட்டால்?

"எல்லாமே" என்று இருந்தது ஐந்து வரிகளில் அடங்கிவிட்டது. ஐந்தும் லேசானவை என்று சொல்லவில்லை. ஆனால் ஐந்து என்பது எண்ணிக்கைக்குள் வரும், "எல்லாம்" வராது. எழுதும்போது தொகை, தேதி, ஆள் பெயர் எல்லாவற்றையும் போடுங்கள். "பணக் கஷ்டம்" என்று எழுதாதீர்கள், "செவ்வாய்க்கிழமைக்கு 550 ரூபாய் குறைகிறது" என்று எழுதுங்கள். எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி எழுதச் சொல்லலாம், விரல்விட்டு எண்ணியும் சொல்லலாம்.

படி 2: மூன்று பத்திகளாகப் பிரியுங்கள்

பக்கத்தில் மூன்று பத்தி போடுங்கள். முதலாவது, இன்று என் கையில் இருப்பது. இரண்டாவது, வேறொருவர் கையில் இருப்பது. மூன்றாவது, இன்னும் வராதது.

தவணை முதல் பத்தி. மூன்று பிளவுஸ் தைத்துக் கொடுத்து ஒரு மாதமாகக் காசு வராத வீடு பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது. போய்க் கேட்பது இன்றைய வேலை. அதுவும் போதாவிட்டால், செவ்வாய் காலைவரை ஒளிந்துகொண்டிருக்காமல் குழுத் தலைவியிடம் இன்றைக்கே சொல்லிவிடுவதும் முதல் பத்திதான். அம்மாவின் ரிசல்ட் இரண்டாவது பத்தி. வியாழக்கிழமை பழைய சீட்டுகளை, ஸ்கேனை எடுத்துக்கொண்டு கூடப்போவது மட்டுமே அக்கா கையில் இருக்கிறது. பரீட்சைப் பேப்பர் திருத்தி முடிந்தாகிவிட்டது, அதுவும் இரண்டாவது பத்தி. வீட்டு ஓனரும் குடியும் மூன்றாவது பத்தி.

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் மல்லிகை போட்டிருக்கிறவர்களுக்கு இந்தப் பிரிவினையை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மருந்தடிப்பது, மொட்டுப் புழு பார்ப்பது, விடியுமுன் பறித்து மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது அவர்கள் கையில். மாட்டுத்தாவணியில் கிலோ என்ன விலை போகும் என்பது அவர்கள் கையில் இல்லை. மார்கழிப் பனியில் பூ குறையும், விலை ஏறும். கோடையில் பூ கொட்டும், விலை விழும். முகூர்த்த நாளென்றால் அது தனிக் கணக்கு. "காட்டுப்புஷ்பங்கள் எப்படி வளருகிறதென்று கவனித்துப்பாருங்கள்" என்று இயேசு சொன்னபோது, அன்றன்றைய கூலியில் அன்றன்றைய சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மக்களிடம்தான் பேசினார். உழைக்க வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லவில்லை. நாளைய விலையை இன்றைக்கே சுமக்க வேண்டாம் என்றார்: "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" (மத்தேயு 6:34).

படி 3: காகிதத்தைத் தேவனுக்கு முன் விரியுங்கள்

2 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். அசீரியா ராஜாவின் சேனை யூதாவைச் சுற்றி வளைத்திருக்கிறது. "உன் தேவன் உன்னைக் காப்பாற்ற மாட்டார்" என்கிற தொனியில் யூதாவின் ராஜா எசேக்கியாவுக்கு ஒரு கடிதம் வருகிறது. எசேக்கியா அதைக் கிழிக்கவில்லை, யாருக்கும் தெரியாமல் மறைத்தும் வைக்கவில்லை. முழுவதும் வாசித்தான். ஆலயத்துக்குப் போய் அதைக் கர்த்தருக்கு முன்பாக விரித்தான். அப்புறம்தான் ஜெபம்.

அந்த ஜெபத்தில் எனக்குப் பிடித்தது 17-ஆம் வசனம். அசீரியா ராஜாக்கள் மற்ற தேசங்களை நாசமாக்கினது மெய்தான் என்று ஒத்துக்கொள்கிறான். நிலைமை மோசம் என்பதைச் சொன்னால் விசுவாசம் குறைந்துவிடும் என்று அவன் பயப்படவில்லை. நம்மில் பலர் "வியாதி" என்ற வார்த்தையை வாயால் சொல்லவே பயந்து, "சத்துரு கொண்டுவந்த பொய்" என்று சுற்றி வளைக்கிறோம். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் இருப்பதைத் தேவனிடம் அப்படியே சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

செய்முறை இதுதான். மேசையிலோ பாயிலோ நோட்டை விரித்து வையுங்கள். ஒவ்வொரு வரியாக வாய்விட்டு வாசியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு விண்ணப்பம், ஒரு ஸ்தோத்திரம். பிலிப்பியர் 4:6 சொல்வதும் இதையேதான்: "உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்." ஜெபத்துக்கென்று தனிப் பாஷை தேவையில்லை. அக்கா இப்படி ஜெபிக்கலாம்:

"ஆண்டவரே, செவ்வாய்க்கிழமைக்கு 550 ரூபாய் குறையுது. அந்த வீட்டுல போய் கேக்க எனக்குக் கூச்சமா இருக்கு. கேக்குறதுக்குத் தைரியம் தாங்க. 600 ரூபாய் கையில இருக்கே, அதுக்கு ஸ்தோத்திரம். அம்மா கழுத்துல கட்டி இருக்கு. அது கேன்சரா இருக்குமோன்னு பயமா இருக்கு. சாதாரணக் கட்டியா இருக்கணும்னு கேக்கறேன். எதுவா இருந்தாலும் வியாழக்கிழமை நீங்க எங்ககூட இருங்க. காமிக்க ஆஸ்பத்திரி இருக்கே, அதுக்கு ஸ்தோத்திரம்."

ஸ்தோத்திரம் வலிந்து வர வேண்டியதில்லை. உண்மையிலேயே இருப்பதற்குச் சொன்னால் போதும், அம்மாவின் கட்டிக்காக ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வார்த்தையே வராத நாளில் சங்கீதம் 13-ஐ உங்கள் ஜெபமாக வாசியுங்கள். "எதுவரைக்கும்?" என்று தேவனையே கேட்கிற சங்கீதம் அது. ஜெபமாலை சொல்லிப் பழகியவர்கள் ஒவ்வொரு மறையுண்மைக்கும் ஒரு வரியை ஒப்புக்கொடுக்கலாம்.

ஒற்றை அறை வீட்டில் இதற்கு இடமேது என்று கேட்கலாம். மொட்டை மாடி போதும். அதுவும் இல்லையென்றால் வார நாளில் ஓர் ஆலயத்துக்குப் போய் உட்காருங்கள். கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்தை மதுரைக்காரர்கள் வியாகுல மாதா கோயில் என்றும் சொல்வார்கள். துக்கம் தெரிந்த தாயின் பெயர் கொண்ட ஆலயத்தில் துக்கத்தோடு உட்காருவதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. நரிமேடு சி.எஸ்.ஐ. கதீட்ரல் பக்கமும் போகலாம். சித்திரைத் திருவிழா நாட்களில் மட்டும் தல்லாகுளம், நரிமேடு பக்கம் அமைதியை எதிர்பார்க்காதீர்கள்.

படி 4: முதல் பத்தி வேலையை அன்றைக்கே செய்யுங்கள்

எருசலேம் மதிலைக் கட்டும்போது எதிரிகள் மிரட்டினார்கள். நெகேமியா சொல்வது: "நாங்கள் எங்கள் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, அவர்கள்நிமித்தம் இராப்பகல் ஜாமங்காக்கிறவர்களை வைத்தோம்." ஜெபமும் காவலும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. ஜெபித்து முடித்ததும் பிளவுஸ் காசு கேட்கப் போக வேண்டும். போகாமல் மறுபடி மறுபடி அதே ஜெபத்தைச் செய்தால் அது ஜெபத்தின் பெயரில் தள்ளிப்போடுவது.

கடன் கவலைக்கு மட்டும் இரண்டு வார்த்தை கூடுதலாக. கந்துவட்டி, மீட்டர் வட்டி என்று மாட்டியிருந்தால், அதற்கென்றே தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் அதிக வட்டி வசூல் தடைச் சட்டம் இருக்கிறது. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். தனியாகப் போகாதீர்கள், சபையில் விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு குழுவில் சேராதீர்கள். அடுத்தது, "கடன் வாங்கியாவது விதையை விதை, கர்த்தர் நூறத்தனையாகத் தருவார்" என்று காணிக்கை கேட்கிறவர் யாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களைப் பற்றி இயேசு சொன்னது மாற்கு 12:40-ல் இருக்கிறது. அதற்கு மேல் கடுமையாக என்னால் சொல்ல முடியாது.

படி 5: இரவுக்கு ஒரு சட்டம்

பகலில் அடங்கியிருக்கிற கவலை இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்காரும். அந்த நேரத்துக் கணக்கு எதுவும் தேறாது, 550 ரூபாய் 5,500 ஆகத் தெரியும். எனவே சட்டம் இது: இருட்டிய பிறகு முடிவெடுப்பதில்லை, கணக்குப் போடுவதில்லை. ஏதாவது தோன்றினால் இருட்டிலேயே ஒரு வரி கிறுக்கிவிட்டு, "காலையில பார்ப்போம் ஆண்டவரே" என்று சொல்லிப் படுங்கள்.

அப்போதும் தூக்கம் வராவிட்டால் சங்கீதம் 4:8-ஐ மூச்சோடு சேர்த்துச் சொல்லலாம். மூச்சை இழுக்கும்போது "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு", மெதுவாக விடும்போது "நித்திரைசெய்வேன்". இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் படபடப்பு தணியும். செல்போன் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டாம். தீர்க்கதரிசன வீடியோக்களும் வேண்டாம். அவற்றில் பாதி, கவலையைத் தணிப்பதற்குப் பதிலாக வளர்க்கின்றன.

படி 6: ஒருவரிடம் சொல்லுங்கள், ஊருக்குச் சொல்ல வேண்டாம்

"ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்கிறது கலாத்தியர் 6:2. ஆர்.சி. சபையின் அன்பியக் கூட்டமோ வீட்டு ஜெபக் குழுவோ இதற்காகத்தான். ஆனால் யதார்த்தத்தையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்காரர் குடிப்பதை வாட்ஸ்அப் குழுவில் ஜெபக்குறிப்பாகப் போட்டால், ஞாயிற்றுக்கிழமைக்குள் அது தெரு முழுக்கச் செய்தியாகிவிடும். நீங்கள் சொன்னதை வெளியே சொல்லாத, உங்களுக்குப் புத்தி சொல்வதற்கு முன் முழுவதும் கேட்கிற ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று முதல் நிமிடத்திலேயே சொல்பவர் அந்த ஆள் இல்லை.

படி 7: உடம்பைக் கவனியுங்கள், தேவைப்பட்டால் டாக்டரிடம் போங்கள்

தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றான். தேவன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பாடு. பேச்செல்லாம் அதற்கப்புறம்தான் (1 இராஜாக்கள் 19). காலையிலிருந்து டீயை மட்டும் குடித்துவிட்டு, உபவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டு, மாலையில் கை நடுங்குகிறது என்று பயப்படுகிறவர்களுக்கு இந்த அதிகாரத்தைச் சிபாரிசு செய்கிறேன்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலை ஓடவில்லை, திடீர் திடீரென்று மூச்சு முட்டி நெஞ்சு அடைக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு அடைப்பு முதல்முறை என்றால் கவலைதான் என்று நீங்களாகவே முடிவு செய்யாமல் இருதயத்தையும் பரிசோதித்துவிடுங்கள். பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில், மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் நோட்டு, படி எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு உடனே அந்த எண்ணுக்குப் பேசுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று சொல்கிறவர்களுக்கு மதுரையிலேயே பதில் இருக்கிறது. 1834-ல் இங்கே வந்த அமெரிக்கன் மிஷன் ஆலயங்களோடு ஆஸ்பத்திரியையும் கட்டியது. கீழவெளி வீதி மிஷன் ஆஸ்பத்திரியைத் தெரியாத மதுரைக்காரர் உண்டா? பவுலோடு கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியர். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும் நிறுத்தாதீர்கள்.

படி 8: பயந்ததே நடந்துவிட்டால்

இதைப் பற்றிப் பேசாத வழிகாட்டி பாதி வழிகாட்டி. சில சமயம் ரிசல்ட் கெட்டதாகவே வரும். "நம்பினால் நடக்காது" என்று தேவன் எங்கேயும் எழுதிக் கொடுக்கவில்லை. அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று வாலிபர்கள், எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, "விடுவிக்காமற்போனாலும்" என்று ஒரு வார்த்தையையும் சேர்த்தார்கள் (தானியேல் 3:18). நம் பக்கத்திலேயே ஓரியூர் இருக்கிறது. மதுரை மிஷனில் ஊழியம் செய்த அருளானந்தர், போர்ச்சுகலிலிருந்து வந்த ஜான் டி பிரிட்டோ, 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி அங்கே தலை வெட்டப்பட்டார். அவர் ஜெபிக்காததால் அது நடக்கவில்லை.

ஆகவே ஜெபத்தில் இரண்டாவது வரி ஒன்றை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள்: "அப்படி நடந்துவிட்டால், அன்றைக்கு என்ன செய்ய வேண்டுமோ அதற்கு வழிகாட்டுங்கள்." வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு அன்றன்றைக்குக் கிடைத்த மன்னாவைப் போலத்தான், மறுநாளைக்கு வேண்டிய பெலன் இன்றைக்கே கையில் வந்து சேராது. இப்போது இல்லையே என்று தேடுவதால்தான் பாதிப் பயம். அழுகை வந்தால் அழுங்கள். லாசரு இறந்தபோது இயேசுவும் கண்ணீர் விட்டார்.

படி 9: வாரத்துக்கு ஒருமுறை நோட்டைப் புரட்டுங்கள்

ஞாயிறு மதியம் தோதான நேரம். நடந்து முடிந்தவற்றுக்குப் பக்கத்தில் என்ன ஆனது என்று ஒரு வரி எழுதித் தேதி போடுங்கள். மதுரையில் எத்தனையோ வீட்டு வாசலில் "எபெனேசர்" என்று எழுதியிருக்கிறது. "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று சாமுவேல் நிறுத்திய கல்லின் பெயர். உங்கள் நோட்டில் அது தொகையோடும் தேதியோடும் இருக்கும். அடுத்த முறை நெஞ்சு படபடக்கும்போது வாசிக்க அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பதில் வராத வரிகளை அடிக்க வேண்டாம். புதுப் பக்கத்தில் மறுபடி எழுதி மறுபடி விரியுங்கள். அப்படி எழுதும்போது அது எந்தப் பத்தியில் இருக்கிறது என்று பாருங்கள், ஏனென்றால் வரிகள் இடம் மாறும். மூன்றாவது பத்தியில் இருந்த வீட்டு ஓனர் உண்மையிலேயே வந்து காலி பண்ணச் சொல்லிவிட்டால் அது முதல் பத்திக்கு வந்துவிட்டது. அன்றைய தேதியைப் போட்டு, எத்தனை மாதம் அவகாசம் தருவார், அட்வான்ஸில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று கேட்டு எழுதுவதிலிருந்து தொடங்குங்கள்.